லிஸ்பனில் பூட்டீக் ஹோட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஸ்பனில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று எல்லோரும் முதலில் விசாரிப்பது ஹோட்டலைத்தான். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்தவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பூட்டீக் ஹோட்டல் என்றால் உண்மையில் என்ன? சாதாரண ஹோட்டலுக்கு விலை ஏற்ற வைத்த பெயர்தானே?

பாதி உண்மை. போர்ச்சுகலில் ஹோட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 'பூட்டீக்' என்று தனி வகை அந்தப் பட்டியலில் இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். நடைமுறையில் அறைகள் குறைவாக இருக்கும், ஒரு அறை போல இன்னொன்று இருக்காது, வரவேற்பில் இருப்பவருக்கு இரண்டாம் நாளே உங்கள் பெயர் தெரிந்திருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் சுவரில் நீல ஓடு மட்டும் ஒட்டியிருந்தால் அது விலை ஏற்ற வைத்த பெயர்தான்.

லிஸ்பனில் இந்த வகை ஹோட்டல் பெரும்பாலும் பழைய கட்டடத்தில்தான் இருக்கும். யார்க் ஹவுஸ் என்ற ஹோட்டல் இருப்பது 17-ஆம் நூற்றாண்டுத் துறவிமடத்தில். சோலார் து காஸ்தெலு இருப்பது சாவ் ஜோர்ஜ் கோட்டை மதிலுக்குள், 18-ஆம் நூற்றாண்டு மாளிகையில். மற்றவை பழைய வணிகர் வீடுகள், அடுக்குமாடிகள், பட்டறைகள். தடித்த சுவர், மர உத்தரம், கைவேலை ஓடு ஆகியவை இந்த வயதால் கிடைக்கின்றன. குறுகிய படி, சின்னக் குளியலறை, சத்தம் கடக்கும் தரை ஆகியவையும் அதே வயதால்தான் வருகின்றன. கீழே வரும் கேள்விகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

எந்தப் பகுதியில் அறை எடுப்பது? எல்லா ஹோட்டலும் நகரின் மையத்தில் இருப்பதாகத்தான் போட்டிருக்கிறது.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் வரைபடம் தட்டை, ஊர் தட்டை இல்லை. 'ஐந்து நிமிட நடை' என்று போன் காட்டும் தூரத்தில் பாதி படிக்கட்டாக இருக்கும். முதலில் மேட்டைப் பாருங்கள், பிறகு தெருவை, கடைசியாக ஹோட்டலை. அறையின் அழகில் மயங்கித் தொடங்கினால் முழங்கால் வலியில் போய் முடியும்.

சமதளம் வேண்டுமென்றால் பைஷா. 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் இடிந்த பகுதியை அரசரின் அமைச்சர் மார்க்கேஷ் து பொம்பால் கட்டம் போட்டு நேர்த்தெருக்களாக மீண்டும் எழுப்பினார். மெட்ரோ, டிராம், ஆற்றங்கரைச் சதுக்கம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டமும் அங்கேதான். ஒட்டினாற்போல் மேற்கே மேட்டில் இருப்பது ஷியாடு. புத்தகக்கடைகளும் பழைய காப்பிக்கடைகளும் அங்கே இருக்கின்றன, விலை கூடுதல். அகலமான, மரநிழல் உள்ள அவெனிதா த லிபர்தாத் சாலையில் பெட்டியை இழுக்கச் சிரமமில்லை, ஆனால் விலையுயர்ந்த துணிக்கடைகளைத் தவிர மாலையில் பார்க்க அதிகமில்லை.

படங்களில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது பெரும்பாலும் அல்ஃபாமாவாக இருக்கும். நிலநடுக்கத்துக்குப் பெருமளவு தப்பிய பகுதி என்பதால் சந்துகள் இன்னும் பழைய வளைவுகளோடு இருக்கின்றன. காலையில் பால்கனியில் துணி உலர்த்தும் பாட்டிகளைப் பார்க்கலாம், இரவில் ஃபாது என்ற போர்ச்சுகீசியச் சோகப் பாட்டைக் கேட்கலாம். ஆனால் பல சந்துகளுக்குள் கார் வராது. பைரு ஆல்து பகலில் பூனை, இரவில் புலி, தூங்குவதற்கான இடமில்லை. எனக்குப் பிடித்தது ப்ரின்சிபி ரியால். பூங்காவும் பெரிய மரங்களும் நல்ல உணவகங்களும் இருக்கின்றன, மேட்டின் உச்சியில் இருந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது சுலபம். முதல் முறை வருபவர்களும் வயதானவர்களோடு வருபவர்களும் பைஷாவையோ ஷியாடுவின் கீழ்ப்பகுதியையோ எடுப்பது உத்தமம்.

எந்த மாதம் வந்தால் விலை குறையும்?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களை விட்டுவிட்டு. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் வானிலையும் உச்சம், விலையும் உச்சம். நவம்பர் மலிவு என்று நம்பி வருபவர்களைக் கவிழ்ப்பது வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாடு. 2016 முதல் நவம்பரில் இங்கே நடக்கிறது. அந்த வாரத்தில் சாதாரண அறைகூட எட்டாத விலைக்குப் போய்விடும். தேதியைப் பார்த்து அதைத் தாண்டி வாருங்கள்.

குளிர்காலத்தில் பனி கொட்டாது. பகலில் 15 டிகிரி, இரவில் 8 டிகிரி அளவில் இருக்கும். சென்னைக்காரருக்குப் பயமாகத் தோன்றும், ஆனால் வெளியே நடக்க இதமான குளிர்தான். சிக்கல் அறைக்குள்ளே. பழைய கட்டடங்கள் பலவற்றில் குளிர் சுவருக்குள் ஊறிக் கிடக்கும். குளிர்காலத்தில் வருபவர்கள் 'அறையில் வெப்பமூட்டும் வசதி என்ன?' என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மழையும் அந்த மாதங்களில்தான்.

எத்தனை இரவு போட வேண்டும்?

நகரத்துக்கு மூன்று, பக்கத்தில் அரண்மனைகள் உள்ள சிந்த்ரா ஊருக்கு ஒரு பகல். ரோசியு நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் நாற்பது நிமிடம் என்பதால் அங்கே தனியாக அறை எடுக்கத் தேவையில்லை. நான்கு இரவு என்பது நிதானமான கணக்கு. தமிழ் முதன்முதலில் அச்சேறியது இந்த ஊரில்தான், 1554-இல், ரோமன் எழுத்தில். கேட்டால் சிலிர்க்கும், ஆனால் அதற்காக ஐந்தாவது இரவு போட வேண்டாம்.

விசாவுக்கு ஹோட்டல் பதிவு கட்டாயமா? விசா கிடைக்காவிட்டால் பணம் போய்விடுமே?

தங்கும் இரவுகள் எல்லாவற்றுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும், இடையில் ஓர் இரவுகூட விடுபடக் கூடாது. பணம் கட்டிய பதிவுதான் வேண்டும் என்பதில்லை. இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவு போதும். ரத்து செய்யும் கடைசித் தேதி விசா முடிவு வரும் நாளுக்குப் பிறகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோடை விடுமுறைக்கு வருபவர்கள் அந்த 15 நாளை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில். போர்ச்சுகல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். லிஸ்பனில் நான்கு இரவு, பாரிஸில் ஐந்து இரவு என்றால் விண்ணப்பம் பிரான்ஸுக்கு. இரண்டும் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாட்டுக்கு. ஆகவே ஹோட்டல் இரவுகளை முடிவு செய்துவிட்டுத்தான் விசா வேலையைத் தொடங்க வேண்டும்.

ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் பதிவதா, பெரிய பதிவுத் தளங்களிலா?

விலையை இரண்டிலும் பாருங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால் ஹோட்டலிடமே பதியுங்கள். இருபது அறை உள்ள இடத்தில் மின்னஞ்சலைப் படிப்பவரும் அறை ஒதுக்குபவரும் பல நேரம் ஒரே ஆள். நேரடியாக வருபவருக்குத் தெருப்பக்கம் இல்லாத அறை, சீக்கிரம் அறைக்குள் விடுவது போன்ற சின்னச் சலுகைகளைத் தர அவருக்கு மனம் வரும். இடைத்தரகுத் தொகை மிச்சமாவதே காரணம்.

'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற மலிவு விலையை விசா கையில் வரும்வரை தொட வேண்டாம்.

படத்தில் அறை பெரிதாக இருக்கிறது. நேரில் போனால் பெட்டியை விரிக்கக்கூட இடமில்லை என்கிறார்களே?

படத்தை விட்டுவிட்டுச் சதுர மீட்டரைப் பாருங்கள். இங்கே 14, 15 சதுர மீட்டர் அறைகள் சாதாரணம், அதாவது நம் கணக்கில் சுமார் 150, 160 சதுர அடி, அதிலேயே குளியலறையும் அடங்கலாம். பெரிய பெட்டிகள் இரண்டோடு வரும் தம்பதிக்கு 20 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. அளவே போடாத ஹோட்டலிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. 'உட்புறக் காட்சி' என்று விவரத்தில் இருந்தால் ஜன்னல் தெருவைப் பார்க்காது. பழைய பைஷா கட்டடங்களின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட குறுகிய கிணறு போன்ற இடைவெளியைப் பார்க்கும். எதிரே ஒரு சுவர், மேலே ஒரு துண்டு வானம், அவ்வளவுதான். தூக்கத்துக்கு நல்லது, மனத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. இரண்டாவது, மேல்தள அறை. ஆற்றுக்காட்சி இருக்கும், ஆனால் கூரை சரிந்து வந்து கட்டிலுக்கு மேலே முடியும். உயரமானவர்கள் இரவில் எழுந்தால் நெற்றியில் அடையாளம் விழும். கோடையில் வெயிலையும் அந்த அறைதான் முதலில் வாங்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

போதாது. மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா, இல்லை ஐந்தாறு படி ஏறிய பிறகா? எல்லா மாடிக்கும் போகிறதா? காலை உணவுக் கூடத்துக்கு இறங்கப் படி உண்டா? படிச்சுற்றின் நடுவே பிற்காலத்தில் பொருத்திய லிஃப்டுகள் இங்கே நிறைய. இருவர் நின்றால் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, இன்னொருவர் படியேறிப் போய் மேலே அதை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

ஹோட்டலை விட்டு வெளியே வந்த பிறகுதான் உண்மையான சோதனை. நடைபாதை முழுக்க உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள், இடையே கறுப்புக் கல்லால் அலைகளும் பூக்களும். பார்க்க அழகு. பல காலம் கால் பட்டுத் தேய்ந்து வழவழத்துப்போனவை. மழைத்தூறல் விழுந்தால் சரிவில் வழுக்கும். அம்மாவுக்குப் புடவையும் மெல்லிய செருப்பும் வேண்டாம். அடியில் நல்ல பிடிப்புள்ள ரப்பர் ஷூ கட்டாயம்.

உள்ளூர்க்காரர்கள் மேட்டை எப்படி ஏறுகிறார்கள் என்று கவனித்தால் வழி கிடைக்கும். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குக் கீழே பைஷாவில் ஒரு வாசல், மேலே ஷியாடுவில் ஒரு வாசல். நடுவில் நீண்ட நகரும் படிக்கட்டுகள். பைஷாவில் நுழைந்து ஷியாடுவில் வெளியே வருபவர்களில் பலர் ரயிலே ஏறுவதில்லை. கோட்டைப் பக்கம் போக, ருவா தோஷ் ஃபான்கெய்ரோஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. அதில் மேல்தெருவுக்கு ஏறி, சற்று நடந்தால் இரண்டாவது லிஃப்ட். ஆனால் 'பக்கத்திலேயே ஃபுனிகுலர்' (மேட்டில் கம்பி இழுத்து ஏற்றும் டிராம்) என்ற விளம்பர வரியை நம்பி அறை எடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி க்ளோரியா ஃபுனிகுலர் தடம் புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் மற்றவையும் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டன. நீங்கள் வரும் நேரத்தில் எது ஓடுகிறது என்று ஹோட்டலிடமே கேளுங்கள்.

நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர். நம் ஊர் போல ஒரே அறையில் கூடுதல் மெத்தை போட்டுத் தருவார்களா?

பெரும்பாலும் தரமாட்டார்கள். மேலே சொன்ன அளவில் மெத்தை போட இடமும் இருக்காது. பதியும்போது குழந்தைகளின் எண்ணிக்கையையும் வயதையும் மறைக்காமல் கொடுங்கள். 'அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்' என்பது இங்கே செல்லாது. இடையில் கதவு உள்ள இரண்டு அறைகள் அல்லது சிறிய சமையலறையோடு கூடிய குடும்ப அறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் ஹோட்டல்களும் உண்டு. விதிமுறையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பதிவு செய்த விலைக்கு மேல் வரவேற்பில் தனியாகப் பணம் கேட்டார்களாம். ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, நகராட்சி வரி. 2024 செப்டம்பரிலிருந்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. 13 வயது நிறைந்தவர்கள் எல்லோரும் கட்ட வேண்டும். ஏழு இரவுக்கு மேல் தங்கினால் ஏழுக்கு மட்டும். அப்பா, அம்மா, 15 வயதுப் பெண், 10 வயதுப் பையன் ஐந்து இரவு தங்கினால் மூன்று பேருக்கு 60 யூரோ. அறை விலையோடு ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள். ரசீது தருவார்கள்.

போன உடனே கார்டில் பெரிய தொகையை எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள், பிடித்து வைத்திருப்பார்கள். அறைக்கு ஏதாவது சேதம் வந்தால் ஈடுகட்ட. வெளியேறிய பிறகு விடுவிப்பார்கள், உங்கள் கணக்கில் தெரியச் சில நாள் ஆகலாம். டெபிட் கார்டு கொடுத்தால் அத்தனை நாளும் உங்கள் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அதனால் இதற்குக் கிரெடிட் கார்டுதான் சரி. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே செயலியில் திறந்துவிட வேண்டும். விமானம் ஏறுமுன் செய்துவிடுங்கள்.

இயந்திரத்தில் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயில் காட்டுவது உதவி போலத் தெரியும், ஆனால் மாற்று விகிதத்தில் லாபத்தை அவர்கள் முன்பே சேர்த்திருப்பார்கள்.

நாங்கள் சுத்த சைவம். காலை உணவில் என்ன கிடைக்கும்?

ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், தயிர், தானியம், ஆரஞ்சுச் சாறு நிச்சயம். இதோடு முட்டையும், தட்டில் ரோஜா நிறத்தில் மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கும். சூடாக வரும் சீஸ் டோஸ்ட் கேட்டால் உள்ளே அந்தத் துண்டு இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைத்துத்தான் தருவார்கள். இந்த ஊரின் புகழ்பெற்ற பாஷ்டெல் து நாத்தா முட்டை மஞ்சள் கருவில் செய்தது. முட்டை சாப்பிடுபவர்கள் சூடாக, மேலே பட்டைத்தூள் தூவிச் சாப்பிடுங்கள். கீரைச்சூப் என்று வரும் கால்து வெர்த்தில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதப்பது வழக்கம்.

மதியமும் இரவும் அவ்வளவு கஷ்டமில்லை. ஐரோப்பாவில் தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான். தக்காளிச் சோறு கேட்டால் யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தைச் சுற்றி இந்திய, வங்கதேச, நேபாளக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மிளகாய்த்தூள், பருப்பு, கறிவேப்பிலை தேடினால் அங்கே போங்கள். உணவகத்தில் நீங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் மேசைக்கு வரும். தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாம் என்றால் முதலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

அறையில் கெட்டில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். காப்பி இயந்திரம் இருக்கும், வெந்நீர் இருக்காது. கஞ்சிப் பொடியும் ரசப்பொடியும் கட்டிக்கொண்டு வருபவர்கள் முன்பே கேளுங்கள்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிவறையில் தண்ணீர் இருக்குமா?

கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பது இதைத்தான். கடைசியில், குரலைத் தாழ்த்தி. போர்ச்சுகல் இந்த விஷயத்தில் வடக்கு ஐரோப்பாவைவிட நமக்கு நெருக்கம். பழைய வீடுகளில் கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடே என்ற சிறு கழுவுதொட்டி இருக்கும். புதிதாகச் சீரமைத்த ஹோட்டல்களில் இடத்தை மிச்சப்படுத்த அதை எடுத்துவிடுகிறார்கள். குளியலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் பையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கத் தேவையில்லை.

இரவில் தூங்க முடியுமா? விமர்சனங்களில் 'சத்தம்' என்றே எழுதியிருக்கிறார்கள்.

எந்தச் சத்தம் என்று பிரித்துப் படியுங்கள். தெருச் சத்தம் என்றால் பகுதிதான் காரணம். பைரு ஆல்துவிலும், காய்ஷ் து சொத்ரேயில் தரைக்கு ரோஜா நிறம் பூசிய தெருவைச் சுற்றியும் நள்ளிரவுக்குப் பிறகும் கூட்டம் தெருவில் நிற்கும். 28-ஆம் எண் டிராம் போகும் தெருவில் தண்டவாளம் கிறீச்சிடும். ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழா, அல்ஃபாமாவில் சந்துக்குச் சந்து மத்தி மீன் சுடும் புகையும் பாட்டும் விடியும்வரை. அதற்காகவே வருபவர்கள் உண்டு. மற்றவர்கள் அந்த வாரம் வேறு பகுதியில் தங்குங்கள்.

'மேல்மாடியில் யாரோ நடப்பது கேட்கிறது' என்று எழுதியிருந்தால் அது கட்டடத்தின் இயல்பு. நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த பைஷா கட்டடங்களில், ஆடினாலும் இடியாமல் இருக்கச் சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டுபோல் பின்னிவைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுக்கு அபாரமான பொறியியல். ஆனால் மரத்தளத்தில் ஒருவர் குதிகால் ஷூவோடு நடந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்கத்தான் செய்யும். மேல்தள அறை கேட்கலாம், ஆனால் அதன் சரிவுக்கூரையைப் பற்றி ஏற்கனவே சொல்லியிருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? அறை மூன்று மணிக்குத்தான் என்கிறார்கள், எங்கள் விமானம் காலையிலேயே இறங்குகிறது.

நிலையம் நகரத்துக்குள்ளேயே இருப்பது போலத்தான், மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவுதான். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஏறி அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியு, பைஷா-ஷியாடு. காலை 6.30 முதல் இரவு 1 மணி வரை ஓடும். பெட்டிகள் அதிகமென்றால் டாக்சி, அல்லது ஊபர், போல்ட் செயலியில் கூப்பிடும் வண்டி. அல்ஃபாமாவில் அறை என்றால் 'வண்டி எந்த இடம் வரை வரும்?' என்று ஹோட்டலிடம் கேட்டு, அந்த இடத்தை ஓட்டுநரிடம் காட்டுங்கள். சந்து முனையில் தரையிலிருந்து எழும் இரும்புத் தூண்கள் வண்டியை மறித்துவிடும். மிச்சத் தூரம் நீங்களும் பெட்டியும் அந்த வெள்ளைக் கற்களும்தான்.

காலையில் போனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஊர் சுற்றிவிட்டு மூன்று மணிக்கு வரலாம். நள்ளிரவில் இறங்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். சிறிய ஹோட்டல்கள் சிலவற்றில் இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பதில்லை. வாசலுக்கு எண் பூட்டு, உள்ளே உறையில் அறைச்சாவி. அந்த எண்ணை விமானம் ஏறுமுன் வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப்பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள் என்பதால் குடியேற்ற வரிசையிலும் நேரம் போகலாம்.

வரவேற்பில் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும், கொடுத்து அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது இங்கே தங்குமிடம் நடத்துபவரின் சட்டக் கடமை. விவரத்தைக் குறித்துக்கொண்டு கையில் தந்துவிடுவார்கள்.

இது உங்களுக்கும் ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறது. பிராங்க்ஃபர்ட் அல்லது பாரிஸ் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், லிஸ்பனில் உள்நாட்டுப் பயணி போல வெளியே வருவீர்கள். அப்படி வந்தவர் மூன்று வேலை நாட்களுக்குள் தாம் வந்ததைப் போர்ச்சுகல் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஹோட்டலில் தங்கினால் அது தேவையில்லை. நண்பர் வீட்டில் தங்குபவர்கள்தான் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாசலில் 'ஏ.எல்.' என்று சின்னப் பலகை மாட்டிய இடங்கள் மலிவாக இருக்கின்றன. அவையும் பூட்டீக் ஹோட்டல்தான் என்கிறார்களே?

அது உள்ளூர்த் தங்குமிடம் என்ற தனி உரிமம். வீடுகளையும் மாடிகளையும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது. சில அருமையாக இருக்கும். ஆனால் நட்சத்திரத் தரம் கிடையாது, பலவற்றில் வரவேற்பு, லிஃப்ட், தினசரி சுத்தம் எதுவும் இருக்காது. நான்கு பேர் குடும்பத்துக்கும் சமைக்க விரும்புபவர்களுக்கும் இதுவே பொருத்தம் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். விளம்பரத்தில் பதிவெண் இருக்க வேண்டும், இல்லாததைத் தொடாதீர்கள். நகர வரி இங்கேயும் உண்டு.

விசா கிடைத்த பிறகு விண்ணப்பத்தில் காட்டிய ஹோட்டலை ரத்து செய்துவிட்டு வேறு எடுக்கலாமா?

லிஸ்பனுக்குள் ஹோட்டலை மாற்றுவதில் பிரச்சினை இல்லை. புதிய பதிவின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்திருங்கள், எல்லையில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கலாம். ஆனால் போர்ச்சுகல் விசா வாங்கிவிட்டு லிஸ்பன் இரவுகளை எல்லாம் கழற்றி பாரிஸுக்கு மாற்றுவது வேறு கதை. விசா கொடுத்த காரணமே இல்லாமல் போகிறது. எல்லை அதிகாரி விசாவை ரத்து செய்யலாம், அடுத்த விண்ணப்பத்திலும் இது எதிரொலிக்கும். மலிவாக, சீக்கிரமாக விசா விண்ணப்பிக்கச் சந்திப்பு நேரம் கிடைக்கிறது என்று யாராவது இந்த வழியைச் சொன்னால் கேட்காதீர்கள்.

பதிந்த அறையைத் தராமல் வேறு அறையைக் காட்டுகிறார்கள். மொழியும் தெரியாது. யாரிடம் முறையிடுவது?

ஆங்கிலம் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும், அதனால் முதலில் பேசுங்கள். பதிவு விவரத்தையும், சதுர மீட்டர் பற்றி எழுத்தில் வாங்கிய பதிலையும் காட்டுங்கள். எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். முழுப் பணமும் கட்டிவிட்டு வாக்குவாதம் செய்வதைவிட, கட்டுவதற்கு முன் அறையைப் பார்ப்பது எளிது. பெட்டியைத் திறக்காமல் அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேச்சு பலிக்கவில்லை என்றால் புகார்ப் புத்தகம் கேளுங்கள். போர்ச்சுகலில் ஹோட்டல், கடை, உணவகம் என்று மக்களுக்குச் சேவை தரும் எல்லா இடத்திலும் இந்தப் புத்தகம் இருந்தே ஆக வேண்டும், கேட்டால் தர மறுக்கக் கூடாது. நீங்கள் எழுதியதன் ஒரு நகல் உங்களுக்கு. மூலப்படியை 15 வேலை நாட்களுக்குள் கண்காணிப்பு அதிகாரிகளுக்கு ஹோட்டலே அனுப்ப வேண்டும். தர மறுத்தால் போலீசைக் கூப்பிடலாம், அவசர எண் 112 வேண்டாம், பக்கத்துக் காவல் நிலையம் போதும். புத்தகத்தின் பெயர் 'லிவ்ரு து ரெக்லமசோய்ஷ்'. இதைச் சொன்னதுமே இல்லாத அறை ஒன்று காலியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.